நாள் கணக்கு வகுத்த டாக்டர்

மே மாதம் வந்துவிட்டால் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பஸ்களில் நிற்கவும் இடம் இராது. 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சுற்றி ஏறி, ஏற்காட்டையும் தாண்டி மலையுச்சிக்குப் போனால், அங்கே தாழ்ந்ததொரு குகைக்குள் சேர்வராயரும் காவேரி அம்மனும் குடிகொண்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை நடைபெறும் திருவிழாவுக்குச் சேர்வராயன் மலையிலுள்ள கிராமங்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் திரண்டு வருகிறார்கள். கீழேயுள்ள ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

இப்படி ஒரு விழாவுக்குப் புறப்படுமுன் நம் வீட்டுப் பெண்கள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. ஆண்களின் காதுக்கு அது பெரும்பாலும் எட்டுவதில்லை. சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்து விரல்விட்டு எண்ணுகிறார்கள். திருவிழாவும் மாதவிலக்கும் ஒரே நாளில் வந்து நிற்கும் போலிருந்தால், மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பி, நாளைத் தள்ளிப்போடும் மாத்திரையை வாங்கி விழுங்கிவிடுகிறார்கள். கல்யாணம், கிரகப்பிரவேசம், யாத்திரை எல்லாவற்றுக்கும் இதே வழக்கந்தான்.

ஒரு வாரம் தள்ளிப்போட முடிகிற நாளை மூன்று மாதம் தள்ளிப்போட முடியாதா? ஒரு வருஷம் தள்ளிப்போட்டால் உடம்புக்கு என்ன ஆகும்? கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடாதா? இந்தக் கேள்விகளை நம் பெண்கள் ஒருவரையொருவர் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொள்கிறார்கள். டாக்டரைக் கேட்கத்தான் கூச்சம்.

இவற்றுக்கெல்லாம் விடை ஒரு மனிதருடைய வாழ்க்கைக்குள் அடங்கியிருக்கிறது. அவர் சேலத்தையோ ஏற்காட்டையோ சேர்ந்தவர் அல்லர். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் வைத்தியம் பார்த்தவர். பெயர் டாக்டர் ஜான் ராக். கருத்தடை மாத்திரையை உலகுக்குக் கொடுத்தவர்களில் ஒருவர். 21 நாள் மாத்திரை, 7 நாள் ஓய்வு என்று இன்று கோடிக்கணக்கான பெண்கள் பின்பற்றும் நாள் கணக்கு, அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட பெண்களின் அனுபவத்திலிருந்து பிறந்தது.

பாதிரியார் சொன்ன புத்திமதி

ஜான் ராக் 1890-ம் ஆண்டு மார்ச் 24-ம் தேதி, மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் மார்ல்பரோ என்ற ஊரில் பிறந்தார். கூடவே ஒரு பெண் குழந்தையும் பிறந்தது, இரட்டைப் பிள்ளைகள். குடும்பம் ஆழ்ந்த கத்தோலிக்க பக்தி கொண்டது.

பையனுக்கு 14 வயதிருக்கும்போது ஊர்ப் பாதிரியார் ஒருநாள் அவனைக் குதிரை வண்டியில் அழைத்துச் சென்றார். போகிற வழியில், மனச்சாட்சி சொல்வதை எப்போதும் கேட்டு நட, அதைக் காக்கும் பொறுப்பை வேறு யாரிடமும் ஒப்படைத்துவிடாதே என்று புத்தி சொன்னார். கிழவரான பிறகும் ராக் அதை மறக்கவில்லை. பின்னாளில் தம் சபைத் தலைவர்களையே எதிர்த்து நிற்க நேர்ந்தபோது, அந்தக் குதிரை வண்டிப் பேச்சுத்தான் அவருக்குத் துணை நின்றது.

ஆரம்பத்தில் அவர் டாக்டராக வேண்டுமென்று எண்ணவில்லை. வியாபாரப் படிப்புப் படித்துவிட்டுக் குவாதமாலா நாட்டில் ஒரு வாழைத் தோட்டத்தில் வேலைக்குப் போனார். கூலியாட்கள் படும் பாட்டை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அந்த உத்தியோகம் நெடுநாள் நீடிக்கவில்லை. ஊர் திரும்பி ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் சேர்ந்து, 1918-ல் வைத்தியப் பட்டம் பெற்றார். 1925-ல் அன்னா தார்ன்டைக் என்ற மாதைக் கைப்பிடித்தார். ஐந்து குழந்தைகள் பிறந்தன. தினந்தோறும் காலையில் தேவாலயத்துக்குச் சென்று பூசை கண்ட பிறகே ஆஸ்பத்திரிக்குப் போவார். அவருடைய அறைச் சுவரில் சிலுவை ஒன்று தொங்கும்.

பிள்ளை வரம் தந்தவர்

பாஸ்டனை ஒட்டிய ப்ரூக்லைன் என்ற ஊரில் பெண்களுக்கான இலவச ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. பிள்ளையில்லாத் தம்பதிகளுக்கென்று அங்கே நடந்த வைத்தியப் பிரிவை ராக் முன்னின்று நடத்தினார். நம் ஊரில் கோயில் மரத்தில் தொட்டில் கட்டிவிட்டுக் கண்ணீரோடு திரும்பும் பெண்ணுக்கும், அங்கே அவர் வாசலில் காத்திருந்த பெண்ணுக்கும் மனவேதனையில் வித்தியாசம் கிடையாது. ராக் ஒவ்வொருவருடைய கதையையும் பொறுமையாகக் கேட்பார் என்று பெயர் வாங்கியிருந்தார்.

1944-ல் அவரும் மிரியம் மென்கின் என்ற உதவியாளரும் சேர்ந்து, மனிதக் கருமுட்டையைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து விந்தணுவோடு கூடச் செய்து வெற்றி கண்டதாக அறிவித்தார்கள். சோதனைக் குழாய்க் குழந்தை பிறப்பதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த சம்பவம் இது!

அதே ஆஸ்பத்திரிக்கு இன்னொரு வகைப் பெண்களும் வந்தார்கள். எட்டும் பத்தும் பெற்று, எலும்பும் தோலுமாகி, இன்னொரு பிரசவம் வந்தால் பிழைப்போமா என்று நடுங்கியவர்கள். கருத்தடைச் சாதனங்களை விநியோகிப்பது அந்த மாநிலத்தில் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தை நீக்கக் கோரி 1931-ல் டாக்டர்கள் சிலர் மனுச் செய்தபோது, கையெழுத்திட்ட ஒரே கத்தோலிக்கர் ராக்தான். 1936-ல், சபை ஆட்சேபிக்காத பாதுகாப்பு நாள் முறையைச் சொல்லித்தர ஒரு பிரிவைத் தொடங்கினார். ஆனால் நாளை எண்ணி வாழும் அந்த முறை பல பேரைக் கைவிட்டது என்பதையும் அவரே கண்டார்.

நாள் தள்ளிப் போனது

பிள்ளையில்லாத பெண்களுக்காக ராக் ஒரு புதிய வழியை யோசித்தார். கர்ப்ப காலத்தில் உடம்பில் பெருகும் இரண்டு ஹார்மோன்களை மருந்தாகக் கொடுத்து, கருப்பைக்கும் சினைப்பைக்கும் சில மாதம் ஓய்வு தந்தால், மருந்தை நிறுத்திய பிறகு அவை புது வேகத்தோடு வேலை செய்யலாம் அல்லவா? 1950-களின் தொடக்கத்தில் 80 பெண்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார். மூன்று மாத காலம், ஒரு நாள்கூட விடாமல் மருந்து.

அந்தப் பெண்களின் நிலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். வருஷக்கணக்காகப் பிள்ளைக்கு ஏங்கியவர்கள். மருந்து தொடங்கிய மாதம் நாள் தள்ளிப் போயிற்று. அடுத்த மாதமும் குளிக்கவில்லை. குமட்டல் வந்தது, மார்பு கனத்தது, சாட்சாத் மசக்கையேதான்! உண்டாகிவிட்டோம் என்று பூரித்துப் போனார்கள். அப்படி ஒன்றுமில்லை, எல்லாம் மருந்தின் வேலை என்று டாக்டர் எடுத்துச் சொன்னபோது அந்த உள்ளங்கள் என்ன பாடு பட்டிருக்கும்!

மருந்தை நிறுத்திய நான்கு மாதங்களுக்குள் 80 பேரில் 13 பேர் உண்மையாகவே கருவுற்றார்கள். ராக் மகிழ்ந்தார். ஆனால் மற்றவர்களின் ஏமாற்றம் அவர் மனத்தை உறுத்திக்கொண்டேயிருந்தது.

1952-ல் கிரிகரி பின்கஸ் என்ற விஞ்ஞானியை அவர் சந்தித்தார். வார்செஸ்டர் நகருக்கு அருகே ஆராய்ச்சி நிலையம் நடத்திவந்த பின்கஸ், சாங் என்ற சீன விஞ்ஞானியுடன் சேர்ந்து, முயல்களுக்கு அதே ஹார்மோனைக் கொடுத்துக் கருமுட்டை வெளிவராமல் தடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்மணிகள் நின்றார்கள். ஒருவர், 1935-ல் இந்தியாவுக்கு வந்து வார்தாவில் காந்தியடிகளோடு கருத்தடை பற்றி வாதிட்டுச் சென்ற மார்கரெட் சாங்கர். மற்றவர், இந்த ஆராய்ச்சிக்கென்று ஏறத்தாழ 20 லட்சம் டாலரை வாரி வழங்கிய காதரின் மக்கார்மிக் சீமாட்டி. பிள்ளை பிறக்க ராக் கொடுத்த மருந்தும் பிள்ளை பிறவாதிருக்கப் பின்கஸ் தேடிய மருந்தும் ஒன்றாக இருந்தன!

ராக்கின் மனக்குறையைக் கேட்ட பின்கஸ் ஒரு யுக்தி சொன்னார். மாதவிலக்கான 5-ம் நாள் தொடங்கி 20 நாள் மட்டும் மருந்து கொடுங்கள்; பிறகு நிறுத்துங்கள்; இரண்டொரு நாளில் உதிரம் வந்துவிடும்; பொய்க் கர்ப்பம் என்ற பேச்சே எழாது என்றார். ராக் ஒப்புக்கொண்டார். அன்று பிறந்த கணக்குத்தான் சிறிது மாறி 21-ம் 7-ம் ஆயிற்று.

இங்கே ஒரு சங்கதியை நன்றாகக் கவனிக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தியதும் வரும் உதிரம் இயற்கையான மாதவிலக்கு அன்று. ஹார்மோன் வருவது சட்டென்று நின்றதால் கருப்பையின் உட்சவ்வு உதிர்கிறது, அவ்வளவே. உடம்புக்கு அது கட்டாயமில்லை. அந்தப் பெண்களின் மனச் சமாதானத்துக்காகவே அது அமைக்கப்பட்டது. போப்பாண்டவரைத் திருப்தி செய்யவே 7 நாள் இடைவெளி விடப்பட்டது என்று ஒரு கதை பரவியிருக்கிறது. அது முழு உண்மையாகாது. இயற்கையை ஒட்டிய முறை இது என்று சபைக்கு எடுத்துச் சொல்ல ராக்குக்கு அந்த இடைவெளி பிற்பாடு உதவியது என்பது வேறு விஷயம்.

கிழங்கிலிருந்து வந்த மருந்து

இந்த ஹார்மோன் முன்பெல்லாம் தங்கத்தைவிட விலை உயர்ந்ததாக இருந்தது. அதை மலிவாக்கியது ஒரு கிழங்கு. சேர்வராயன் மலைக் காடுகளில் கொடியாகப் படர்ந்து, மலைவாசிகள் தோண்டிச் சமைக்கும் வள்ளிக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்தது அது. (சர்க்கரைவள்ளியும், சேலத்து ஜவ்வரிசிக்கு அரைபடும் குச்சிக்கிழங்கும் வேறு இனம்.) மெக்ஸிகோ நாட்டுக் காடுகளில் விளையும் அந்தக் கிழங்கிலிருந்து ஹார்மோன் செய்யும் வழியை ரஸ்ஸல் மார்க்கர் என்ற ரசாயன நிபுணர் 1940-களில் கண்டுபிடித்தார். அதே வழியில் 1951-ல் மெக்ஸிகோவில் பிறந்த நாரெதிஸ்டெரோன் என்ற மருந்துதான், திருவிழாவுக்கு முன் நம் பெண்கள் விழுங்கும் தள்ளிப்போடும் மாத்திரை. ராக்கின் சோதனைக்கு வந்தது அதற்கு நெருங்கிய உறவான இன்னொரு மருந்து.

1954-ன் இறுதியில் ராக் 50 பெண்களிடம் அதைப் பரிசோதித்தார். சட்டத்துக்குப் பயந்து, பிள்ளைப்பேற்று ஆராய்ச்சி என்றே அதற்குப் பெயர். மாத்திரை சாப்பிட்ட காலத்தில் கருமுட்டை வெளிவரவில்லை. மருந்து பலித்துவிட்டது.

கேட்கப்படாத குரல்

அடுத்தபடியாக, 1956-ல் போர்ட்டோ ரீக்கோ தீவில் ஏழைப் பெண்களிடம் பெரிய அளவில் பரிசோதனை நடந்தது. பிள்ளை பிறக்காது என்பதற்காக அவர்கள் ஆவலோடு வாங்கிக்கொண்டார்கள். இது இன்னும் பரிசோதனை அளவில் இருக்கும் மருந்து என்று அவர்களுக்கு விளக்கமாகச் சொல்லப்படவில்லை. அங்கே பொறுப்பு வகித்த டாக்டர் ஈட்ரிஸ் ரைஸ்-ரே என்ற பெண்மணி, 100-க்கு 17 பேருக்குக் குமட்டல், தலைசுற்றல், தலைவலி, வயிற்றுவலி கண்டதாகக் குறித்து, இத்தனை தொல்லை தரும் மருந்தைப் பொதுவில் கொடுப்பது கடினம் என்று எழுதினார். பின்கஸும் ராக்கும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரும்பாலும் மனப்பிராந்தி என்றே எண்ணினார்கள்.

ஒவ்வொரு பெண்ணின் கதையையும் பொறுமையாகக் கேட்ட ராக், இந்த இடத்தில் தவறிவிட்டார் என்றே சொல்ல வேண்டும். அன்றைய மாத்திரையில் இருந்த மருந்தின் அளவு இன்றுள்ளதைப்போல் பல மடங்கு. அந்தப் பெண்கள் சொன்னது கற்பனையல்ல.

அமெரிக்க சர்க்கார் அந்த மாத்திரையை 1957-ல் மாதவிலக்குக் கோளாறுக்கும், 1960-ல் கருத்தடைக்கும் அனுமதித்தது. சில ஆண்டுகளுக்குள், சிலருக்கு ரத்தக் குழாயில் கட்டி உறைந்து ஆபத்து விளைவதாகச் செய்திகள் வந்தன. 1970-ல் அமெரிக்க செனட் சபை இதை விசாரித்தது. சாட்சி சொல்ல டாக்டர்களும் நிபுணர்களும் அழைக்கப்பட்டார்கள். மாத்திரை விழுங்கிய பெண்களில் ஒருவர்கூட அழைக்கப்படவில்லை! பார்வையாளர் பகுதியிலிருந்த இளம்பெண்கள் எழுந்து கூச்சலிட்ட பிறகே நாட்டின் கவனம் அவர்கள்பால் திரும்பியது. மாத்திரைப் பொட்டலத்தில் அபாயங்களை விளக்கும் தாளை வைக்க வேண்டும் என்ற விதி அதன் பின் வந்தது. மாத்திரையின் அளவும் வெகுவாகக் குறைந்தது.

சபையோடு வழக்கு

இதற்கிடையில் ராக் வேறொரு போரில் இறங்கியிருந்தார். 1961-ல் மனைவி இறந்துபோனார். 1963-ல், தம் 73-வது வயதில், கத்தோலிக்கர் மாத்திரையை ஏற்கலாம் என்று வாதிட்டு ஒரு புத்தகம் எழுதினார். உடம்பில் இயற்கையாகவே இருக்கும் ஹார்மோனைக் கொண்டு பாதுகாப்பு நாட்களை நீட்டுவதுதானே இது, இதில் பாவம் எங்கே வந்தது என்பது அவர் கட்சி. ஊர் ஊராகச் சென்று பேசினார். ஆதரித்தும் திட்டியும் கடிதங்கள் குவிந்தன.

போப்பாண்டவர் அமைத்த குழுவில் பெரும்பாலோர் 1966-ல் மாற்றத்துக்குச் சாதகமாகவே கருத்துத் தெரிவித்தார்கள். ஆனால் 1968 ஜூலையில் ஆறாம் பால் போப்பாண்டவர் வெளியிட்ட சுற்றுமடல் மாத்திரையை முற்றிலும் மறுத்துவிட்டது. ராக் மனம் உடைந்தார். வாழ்நாள் முழுவதும் தினமும் பூசை கண்டவர், தேவாலயம் போவதையே நிறுத்திக்கொண்டார். மாத்திரையின் காப்புரிமை கம்பெனியிடம் இருந்தது. அதனால் அவர் செல்வராகவில்லை. கடைசிக் காலத்தை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் கழித்தார். அந்த ஊரின் பெயர் டெம்பிள். கோயில் என்று பொருள். 1984 டிசம்பர் 4-ம் தேதி, 94-வது வயதில் காலமானார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை

ராக் வகுத்த நாள் கணக்கை மாற்றிப் பார்க்கும் துணிவு அவர் காலத்திலேயே பிறந்துவிட்டது. 1977-ல் எடின்பரோ நகரில் 196 பெண்களிடம் ஒரு சோதனை நடந்தது. இடைவெளி விடாமல் 12 வாரம் மாத்திரை. பிறகு ஆறு நாள் ஓய்வு. அதாவது மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் உதிரம். பெரும்பாலோர் இதை வரவேற்றார்கள். மாதந்தோறும் வரும் வயிற்றுவலியும் தலைவலியும் அலைச்சலும் குறைந்தன என்றார்கள். சிலருக்கு இடையிடையே திட்டுத் திட்டாக உதிரம் பட்டது. சிலருக்கு மார்பில் நோவு இருந்தது.

2003-ல் அமெரிக்காவில் மூன்று மாத மாத்திரைக்கும், 2007-ல் வருஷம் முழுவதும் இடைவெளியில்லாமல் சாப்பிடும் மாத்திரைக்கும் அனுமதி கிடைத்தது. 2019-ல் பிரிட்டனின் குடும்ப நல டாக்டர்கள் அமைப்பு, 7 நாள் இடைவெளியால் உடம்புக்கு எந்த நன்மையும் இல்லை என்று அறிவித்தது. சாப்பிட்ட பெண்களின் அனுபவம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் சில மாதங்கள் எதிர்பாராத நேரத்தில் உதிரம் பட்டு அலைக்கழிக்கும். போகப் போகக் குறையும். நாள் வராததால் உண்டாகிவிட்டோமோ என்ற பயம் சிலரை விடுவதில்லை. ராக்கின் 80 பெண்களுக்கு நம்பிக்கையாக இருந்தது இவர்களுக்குப் பயமாக இருக்கிறது!

கெட்ட ரத்தம் தங்கும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. மாத்திரை சாப்பிடும்போது கருப்பையின் உட்சவ்வு தடித்து வளர்வதேயில்லை. ஆகவே உள்ளே தேங்குவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் எல்லோருக்கும் இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது. ரத்தம் உறையும் நோய் இருந்தவர்கள், ரத்த அழுத்தம் மிகுந்தவர்கள், கண்ணில் மின்னல் வெட்டி ஒற்றைத் தலைவலி வருபவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். திருவிழாவுக்காகச் சில நாள் சாப்பிடும் தள்ளிப்போடும் மாத்திரையைக் கருத்தடை என்று நம்பிவிடவும் கூடாது. அதையும் டாக்டரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

நம் நாட்டில் சர்க்கார் இலவசமாகக் கொடுத்துவரும் ‘மாலா’ மாத்திரை அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரைகளும் 7 இரும்புச் சத்து மாத்திரைகளும் இருக்கின்றன. சோகை பிடித்த தாய்மார் நிறைந்த நாட்டில், அந்த 7 நாளை வீணாக்காமல் இரும்பு ஊட்டியது நல்ல யோசனை. ஆயினும் அட்டையைக் கையில் வாங்கும் எத்தனை பெண்களுக்கு, இந்த 7 நாள் எதற்காக, அப்போது வருவது எத்தகைய உதிரம் என்று யாராவது உட்கார்ந்து சொல்லியிருப்பார்கள்?

டாக்டர் ராக் தம் மனச்சாட்சியைப் பிறர் கையில் ஒப்படைக்கவில்லை. சபைக்கு முன்னாலும் வளையவில்லை. பெண்களின் கண்ணீரைப் பார்த்து அந்த 7 நாளை ஏற்றதும் இரக்கத்தினால்தான். ஆனால் அதன் காரணம் பெண்களுக்குச் சொல்லப்படாமலே அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. தள்ளிப்போடுவதா, மாதந்தோறும் வரவிடுவதா என்பதை முடிவு செய்ய வேண்டியவள் மாத்திரையை விழுங்குகிறவள். முடிவு செய்வதற்கு முதலில் அவளுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த மே மாதமும் ஏற்காட்டு மலைமேல் பஸ்கள் நிரம்பி வழியும். அதற்கு முன்னால் நம் வீட்டுப் பெண்கள் காலண்டரைப் பார்த்து விரல்விட்டு எண்ணுவார்கள். மருந்துக் கடைக்கு ஆள் அனுப்புமுன், ஒரு தடவை டாக்டரிடம் போய்க் கூச்சத்தை விட்டுக் கேட்கட்டும். டாக்டர்களும் பொறுமையாக உட்கார்ந்து காரணத்தைச் சொல்லட்டும்.